காருக்கு அடியில் ஒரு கணவாய்

ஆடி மாதம் ஒரு காலையில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குக் காரில் வந்துகொண்டிருந்தேன். காவல்கிணற்றைத் தாண்டி முப்பந்தலை நெருங்கும்போது, சாலையின் இருபுறமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்க, காலுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. ஈரச் சாக்கை யாரோ தரையில் அடிப்பதுபோலப் படபடவென்று கேட்டது. வேகத்தைக் குறைத்தால் நின்றது; கூட்டினால் திரும்ப வந்தது. ஆரல்வாய்மொழியைக் கடந்து தோவாளை வரும்வரை இதே கதை.

மாலையில் அதே சாலையில், அதே 80 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினேன். சத்தமே இல்லை.

கார் அதேதான், சாலையும் அதேதான். முள் காட்டிய வேகமும் மாறவில்லை. போகும் திசை மட்டும் மாறியிருந்தது. எஞ்சினிலோ சக்கரத்திலோ கோளாறு இருந்தால் அது கிழக்கு மேற்குப் பார்த்தா சத்தம் போடும்?

மறுநாள் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் வண்டியைக் குழிமேல் நிறுத்தினோம். மெக்கானிக் கீழே இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தார். “அண்டர் கவர்ல முன்பக்கம் நாலு கிளிப்பு வேணும் அண்ணே, ரெண்டுதான் கெடக்கு. போன தடவ ஆயில் மாத்தக் கழட்டுனவங்க சரியா மாட்டல போல.” பிறகு வழக்கமான ஒரு யோசனையும் சொன்னார். “வேணும்னா கழட்டிப் போட்டிருவோமா? அது இல்லன்னாலும் வண்டி ஓடும்.”

ஓடும்தான். ஆனால், வேண்டாத பொருளாக இருந்தால் அதை ஏன் செய்து மாட்டுகிறார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், அது நம்மை ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கே திரும்பக் கூட்டி வருகிறது.

அடிக்கவசம்

காரின் முன் பம்பருக்குக் கீழே குனிந்து பாருங்கள். பல கார்களில் எஞ்சினின் அடிப்பாகம் தெரியாது. ஒரு கறுப்புத் தகடு மறைத்திருக்கும். அண்டர் கவர் என்பார்கள், ஷீல்டு என்பார்கள். இந்தக் கட்டுரைக்காக அதை ‘அடிக்கவசம்’ என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்திருப்பார்கள். சமையலறை டப்பாக்களும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் அதில்தான் செய்யப்படுகின்றன. சில கார்களில் இழைகளை அழுத்திச் செய்த, கெட்டியான கம்பளம் போன்ற தகடு இருக்கும். இரண்டும் எடை குறைவு. ஒரு கையால் தூக்கிவிடலாம். சில போல்ட்டுகளும் பிளாஸ்டிக் கிளிப்புகளும் அதைத் தாங்கி நிற்கின்றன. சில கார்களில் முழு நீளத்துக்கு இருக்கும், சிலவற்றில் எஞ்சினின் ஒரு பகுதியை மட்டும் மறைக்கும்.

கல் பட்டு ஆயில் சேம்பர் உடையாமல் இருக்கத்தான் இது என்று பலர் நினைக்கிறோம். சின்னக் கல்லும் சேறும் படாமல் இது காப்பது உண்மைதான். ஆனால் சில மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக், மலைப் பாதையில் துருத்தி நிற்கும் பாறையைத் தடுக்காது. அதற்கென்றே கரடுமுரடான பாதையில் போகும் வண்டிகளுக்கு இரும்பு, அலுமினியத் தகடுகள் தனியே போடுகிறார்கள். நம் அடிக்கவசத்தின் உருவத்தைக் கவனித்தால் வேறொன்று தெரியும். அதன் முன் விளிம்பு பம்பரோடு சேர்ந்து வழுவழுப்பாக வளைந்திருக்கும். பள்ளங்களும் வரம்புகளும் முன்னிருந்து பின்னாக ஓடும். காற்றை மனதில் வைத்துச் செய்த பொருள் என்பதை அந்த வளைவே சொல்லிவிடும்.

கணவாய் செய்யும் வேலை

வடக்கிலிருந்து மதில்போல் இறங்கி வரும் மேற்குத் தொடர்ச்சி மலை, தன் தென்கோடியில் 1600 மீட்டருக்கு மேல் உயர்ந்த மகேந்திரகிரியைத் தாண்டியதும் தாழ்ந்து உடைகிறது. அந்த உடைப்புகளில் ஒன்று ஆரல்வாய்மொழி. மே முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று வருகிறது. மலை குறுக்கே நிற்கிறது. மறுபக்கத்தில் வள்ளியூர், பணகுடிப் பக்கத்துச் சமவெளி வெயிலில் காய்ந்து சூடேறிக் காற்றை இழுக்கிறது. ஏற முடியாத காற்றெல்லாம் இந்த வாசலைத் தேடி வந்து புகுகிறது. முப்பந்தலைச் சுற்றிச் சுமார் 1500 மெகாவாட் திறனுள்ள காற்றாலைகள் வந்து குவிந்ததற்கு இதுதான் காரணம்.

வாசலில் காற்று ஏன் வேகமெடுக்க வேண்டும்? நாஞ்சில் நாட்டு வயல்காரர்களுக்கு இது புதிதல்ல. வாய்க்கால் அகலமாக இருக்கும் இடத்தில் தண்ணீர் அசைவதே தெரியாது. மடை வாயில் சீறும். ஒரு நிமிடத்தில் இந்தப் பக்கம் வந்து சேரும் தண்ணீர் முழுவதும் அதே நிமிடத்தில் அந்தப் பக்கம் போயாக வேண்டும். பாதை பாதியாகச் சுருங்கினால் வேகம் இரு மடங்காக வேண்டும்; வேறு வழியில்லை. இதற்குத் தொடர்ச்சி விதி என்று பெயர்.

மனிதக் கூட்டம் இப்படிச் செய்வதில்லை. சுசீந்திரம் தேரோட்டத்தில் சந்துக்குள் நுழையும் கூட்டம் நெருக்கியடித்து நிற்கும், வேகம் குறையும். காற்றும் நெருக்கியடிக்கக்கூடிய பொருள்தான். ஆனால் காரோ ஆடிக்காற்றோ போகும் வேகங்களில் அது அநேகமாக நெருங்குவதே இல்லை. தண்ணீரைப் போலவே நடந்துகொள்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் எளிது.

அடுத்த படி சற்று வியப்பானது. காற்றுப் பொதி ஒன்று மெதுவாக வந்து குறுகலில் வேகமெடுக்கிறது என்றால், யாரோ அதைப் பின்னாலிருந்து தள்ளியிருக்க வேண்டும். தள்ளுவது அதன் பின்னால் இருக்கும் காற்றின் அழுத்தம். பின்னால் உள்ள அழுத்தம் முன்னால் உள்ளதைவிட அதிகமாக இருந்தால்தான் பொதி முன்னோக்கி விரையும். ஆகவே, குறுகலுக்குள் அழுத்தம் குறைவாகவே இருக்க வேண்டும். வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. ஓடும் நீரின் இந்தக் கணக்கை டானியல் பெர்னூலி 1738இல் நூலாக எழுதினார். குறுகும் குழாய்களில் அதைச் சோதித்து 1797இல் விவரித்தவர் இத்தாலியரான வெஞ்சுரி. வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு தாள்களை நான்கு விரல் இடைவெளியில் தொங்கப் பிடித்து நடுவில் ஊதுங்கள். விலகுவதற்குப் பதில் அவை ஒன்றையொன்று நெருங்கும்.

இப்போது கீழே தரை, மேலே காரின் வயிறு, நடுவில் ஒரு சாண் அளவுக்கும் குறைவான இடைவெளி. ஓடும் காருக்கு முன்னால் இருக்கும் காற்றில் ஒரு பங்கு மேலே ஏறுகிறது, ஒரு பங்கு பக்கவாட்டில் விலகுகிறது. மீதி பம்பருக்குக் கீழே இந்த இடுக்கில் புகுகிறது. ஒவ்வொரு காரும் தனக்கென்று ஓர் ஆரல்வாய்மொழியைச் சுமந்துகொண்டு போகிறது என்று சொல்லலாம்.

வழுவழுப்பும் கரடுமுரடும்

மடை வாயில் கல்லும் முள்ளும் கிடந்தால் என்ன ஆகும்? தண்ணீர் மோதும், சுழலும், நுரைக்கும்; முன்னே போக வேண்டிய வேகம் சுழலாகச் சிதறும். அடிக்கவசம் இல்லாத காரின் வயிறு அப்படித்தான் இருக்கிறது. ஆயில் சேம்பர், கியர்பாக்ஸ், ஆக்சில், சைலன்சர் குழாய், ஸ்டீயரிங் கம்பிகள் எல்லாம் ஒவ்வொன்றும் ஒரு கல். காற்று ஒவ்வொன்றிலும் முட்டிச் சுழல்கிறது. அந்தச் சுழல்களை உண்டாக்கிய ஆற்றல் வேறெங்கிருந்தும் வரவில்லை. நாம் போட்ட பெட்ரோலிலிருந்துதான் வருகிறது. இப்படி ஓடும் பொருளைக் காற்று பின்னால் பிடித்து இழுக்கும் விசையைக் காற்றிழுவை என்கிறோம்.

கார் வாங்கும்போது மேற்பக்கத்தின் வளைவுகளைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறோம். பெயின்ட் அடித்த பக்கத்தை மட்டுமே காற்று தொடுவதுபோல் நினைப்பு. காற்றுக்கு மேல் கீழ் என்ற பேதம் இல்லை. காரின் மொத்தக் காற்றிழுவையில் வயிற்றுப் பக்கத்துக்கும் சக்கரங்களுக்கும் கணிசமான பங்கு உண்டு. மின்சாரக் கார்களைக் குனிந்து பார்த்தால் இது விளங்கும். மின்கலத்தைத் தரையோடு பரப்பியிருப்பதால் அவற்றின் வயிறு பலகைபோல் தட்டையாக இருக்கும். ஒருமுறை ஏற்றிய மின்சாரத்தில் இன்னும் சில கிலோமீட்டர் கூடுதலாகப் போக அந்தத் தட்டையும் உதவுகிறது.

சத்தம் ஏன் ஒரு திசையில் மட்டும்?

காற்றின் தள்ளு வேகத்தோடு எப்படிக் கூடுகிறது என்பதைக் கஸ்டாவ் ஈஃபெல் நேரடியாக அளந்து பார்த்தார். பாரிசில் தன் பெயரைத் தாங்கிய கோபுரத்தின் இரண்டாம் தளத்திலிருந்து, 1903இல் தொடங்கி, பல வடிவத் தகடுகளைக் கம்பி வழியே கீழே விழவிட்டார். விழும்போது தகட்டின் மேல் காற்று எவ்வளவு தள்ளுகிறது என்று பதிவு செய்யும் கருவியும் கூடவே இறங்கியது. முடிவு தெளிவாக வந்தது. வேகம் இரு மடங்கானால் தள்ளு நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. இதை இருபடி விதி என்கிறோம்.

இப்போது என் காருக்கு வருவோம். ஆடியில் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. காற்று 40 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாகர்கோவிலை நோக்கி 80இல் போகும்போது காருக்கு அது எதிர்க்காற்று. கார் சந்திக்கும் காற்றின் வேகம் 120. மாலையில் திரும்பும்போது அது பின்காற்று. அப்போது கார் சந்திப்பது வெறும் 40. மூன்று மடங்கு வித்தியாசம். ஆனால் தள்ளில் ஒன்பது மடங்கு!

எடையாகச் சொன்னால் இன்னும் புரியும். ஒரு சதுர மீட்டர் பரப்பை நேர் எதிரே காட்டினால், 40 கிலோமீட்டர் வேகக் காற்று அதைச் சுமார் 7 கிலோ எடையளவுக்குத் தள்ளும். 80இல் அது 29 கிலோ, 120இல் சுமார் 66 கிலோ. தரையை ஒட்டி வீசும் காற்று மரமும் கட்டடமும் தடுப்பதால் சற்று மெதுவாகவே இருக்கும். ஆகவே இது தோராயக் கணக்குதான். ஆனாலும் என் புதிருக்கு விடை இதில் இருக்கிறது. இரண்டு கிளிப் இல்லாததால் தகட்டின் முன் விளிம்பு கொஞ்சம் தொங்கியது. பின்காற்றில் அது சும்மா கிடந்தது. எதிர்க்காற்றில் அந்தத் தொங்கல் ஒரு முறமாக மாறிக் காற்றை அள்ளியது. அள்ளிய காற்று தகட்டைக் கீழே வளைத்தது, பிளாஸ்டிக் தன் இயல்பால் மேலே மீண்டது, மறுபடி வளைத்தது. அதுதான் நான் கேட்ட படபடப்பு.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மிக்குப் பரப்பு குறைவு, எடை அதிகம். அடிக்கவசத்துக்குப் பரப்பு அதிகம், எடை குறைவு. முன்னே ஒரு விளிம்பு திறந்தால் அதைப் பிய்த்தெறியக் காற்றுக்கு அதிக நேரம் ஆகாது. நெடுஞ்சாலையில் பிய்ந்த தகடு சக்கரத்தில் சிக்கலாம், பின்னால் வரும் பைக்கின் குறுக்கே விழலாம். ஆகவே தொங்கும் தகட்டோடு ஓட்டுவது, தகடே இல்லாமல் ஓட்டுவதைவிட ஆபத்து.

இன்னொரு கணக்கும் இங்கே உண்டு. தள்ளு வேகத்தின் இருபடியாகக் கூடுகிறது. அந்தத் தள்ளை எதிர்த்து ஒவ்வொரு நொடியும் கடக்கும் தூரமும் வேகத்தோடு கூடுகிறது. எனவே காற்று அசையாத நாளில் வேகத்தை இரு மடங்காக்கினால், காற்றை வெல்ல எஞ்சின் தர வேண்டிய திறன் எட்டு மடங்காகும். முப்பந்தல் காற்றாலைக்கும் இதே எட்டுதான். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதில் வரும் திறன் எட்டு மடங்கு. காற்றாலைக்கு வரவாக வருவது காருக்குச் செலவாகப் போகிறது. அதனால்தான் அடிக்கவசத்தின் பயன் தெருவில் 30 கிலோமீட்டரில் போகும்போது தெரியாது. நெடுஞ்சாலையில்தான் அது சம்பாதிக்கத் தொடங்குகிறது.

இதெல்லாம் எப்படித் தெரியும்?

கண்ணுக்குத் தெரியாத காற்று, அதுவும் காருக்கு அடியில் நடப்பதை எப்படிப் பார்த்தார்கள்?

எளிய வழி ஒன்று உண்டு. பொதுப் போக்குவரத்து இல்லாத சோதனைத் தடத்தில் காரை வேகமாக ஓட்டி, நியூட்ரலில் விட்டு, அது தானாக வேகம் இழப்பதை நொடி நொடியாக அளப்பார்கள். அடிக்கவசத்தோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை. விரைவாகத் தளரும் காருக்கு இழுவை அதிகம். டயரின் உரசலும் இதில் கலந்திருக்கும். ஆனால் அந்த உரசல் வேகத்தோடு அதிகம் மாறாது, காற்றிழுவை இருபடியாக மாறும். எனவே வேகமான பகுதியையும் மெதுவான பகுதியையும் ஒப்பிட்டு இரண்டையும் பிரித்துவிடலாம். இரண்டு திசைகளிலும் ஓட்டிச் சராசரி எடுப்பார்கள். காற்று அமைதியாக இருக்கும் நாளாகப் பார்த்துச் செய்வார்கள். ஆடி மாதத்து ஆரல்வாய்மொழியில் இந்தச் சோதனைக்கு வேலையே இல்லை.

இன்னொரு வழி காற்றுச் சுரங்கம். கார் நிற்கும், காற்று ஓடும். இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. சாலையில் கார் ஓடும்போது காற்றும் தரையும் காருக்குச் சேர்ந்தே பின்னால் போகின்றன. சுரங்கத்திலோ தரை அசையாமல் நிற்கும். அசையாத தரையை ஒட்டிய காற்று அதில் ஒட்டிக்கொண்டு மெதுவாகும். இந்த மந்தமான காற்றடுக்குக்கு எல்லைப் படலம் என்று பெயர். காரின் வயிற்றடி இடுக்கோ சிறியது. படலம் அதில் பாதியை அடைத்துவிட்டால் அளவு பொய்யாகும். அதனால் காருக்கு அடியில் காற்றின் வேகத்திலேயே ஓடும் பெரிய பெல்ட்டைப் போட்டார்கள். ஓடும் தரை வந்த பிறகுதான் வயிற்றுப் பக்கத்து அளவுகளை நம்ப முடிந்தது.

அந்த அறிவை உலகத்துக்குப் பளிச்சென்று காட்டியது பந்தயக் கார்தான். 1977இல் லோட்டஸ் நிறுவனம் காரின் அடிப்பக்கத்தைத் தலைகீழ்ச் சிறகுபோல் வளைத்தது. இடுக்கில் காற்று விரைந்தது, அழுத்தம் குறைந்தது, கார் தரையோடு உறிஞ்சிப் பிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதே கொள்கையில் வந்த லோட்டஸ் 79 காரில் மரியோ ஆன்ட்ரெட்டி உலகப் பட்டம் வென்றார். வளைவுகளில் கார்கள் ஆபத்தான வேகத்தில் திரும்பத் தொடங்கியதால் 1983இல் தட்டையான அடிப்பக்கத்தைக் கட்டாயமாக்கினார்கள். நம் குடும்பக் காரின் தகடும் அந்தச் சிறகும் படிப்பது ஒரே பாடம்.

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. காற்றுச் சுரங்கத்தில் மாதிரி ஒன்றின்மேல் சாயம் கலந்த எண்ணெயைப் பூசிக் காற்றை ஓட விடுவார்கள். எண்ணெய் காற்று போகும் வழியிலெல்லாம் கோடுகளாக இழுபடும். கோடு நேராக இருந்தால் பாய்வு ஒழுங்காக இருக்கிறது. கோடு சுருண்டால் அங்கே சுழல் இருக்கிறது. எண்ணெய்க் கோட்டு முறை என்று சொல்லலாம். மெக்கானிக் கழற்றி வைத்த என் அடிக்கவசத்தைப் பார்த்தேன். முன்பு சிந்திய எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கறுப்புக் கோடுகளாகப் பின்னோக்கி ஓடியிருந்தன. நடுவில் நேர்க்கோடுகள், போல்ட் தலைகளுக்குப் பின்னால் சின்னச் சின்ன வால்கள். கிளிப் விட்டுப்போன மூலையில் மட்டும் கோடுகள் கலைந்து அழுக்காகத் திரண்டிருந்தன. எங்கே காற்று கெட்டது என்பதைத் தகடே வரைந்து வைத்திருந்தது.

பின்வாசல் திறந்த வீடு

காற்றிழுவை ஒன்றுக்காக மட்டும் இந்தத் தகடு இல்லை. ரேடியேட்டர் வழியாக உள்ளே வரும் காற்று சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போயாக வேண்டும். ஆடியில் முன் ஜன்னலை மட்டும் திறந்து வைத்தால் வீட்டுக்குள் காற்று வராது. பின்வாசலையும் திறந்தால்தான் வீசும். காரின் பின்வாசல் எஞ்சினுக்கு அடியில் இருக்கிறது. அடிக்கவசத்தின்கீழ் விரையும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைத்து, சூட்டுக் காற்றை வெளியே இழுக்கும்படி பல கார்களில் வடிவமைத்திருக்கிறார்கள். தகட்டைக் கழற்றிவிட்டால் காற்றோட்டம் கூடும் என்று தோன்றும். சில கார்களில் நடப்பது நேர்மாறு. கீழிருந்து புகும் காற்று எஞ்சின் அறைக்குள் அழுத்தத்தைக் கூட்டி, முன்னால் வரும் காற்றைத் தடுக்கும்.

மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் சக்கரம் இறங்கினால் அது வாரியடிக்கும் சேற்று நீர் பெல்ட்டிலும் ஆல்டர்னேட்டரிலும் விழாமல் இது தடுக்கிறது. நனைந்த பெல்ட் கீச்சிடுவதைக் கேட்டிருப்பீர்கள். எஞ்சின் சத்தம் சாலையில் பட்டு ஓரத்து வீட்டுக்காரர்கள் காதில் விழுவதையும் கொஞ்சம் குறைக்கிறது.

ஆயில் மாற்றும் நாள்

இவ்வளவு வேலை செய்யும் தகடு கெடுவது பெரும்பாலும் ஆயில் மாற்றும் நாளில்தான். ஆயில் சேம்பரின் அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டையும், பல கார்களில் ஆயில் ஃபில்டரையும் எட்டத் தகட்டைக் கழற்ற வேண்டும். சில கார்களில் போல்ட்டுக்கு நேராகச் சின்ன மூடி விட்டிருப்பார்கள். அந்த மூடி வழியாகவே வேலையை முடிக்கப் பார்க்கும்போதுதான் எண்ணெய் தகட்டின் உள்பக்கம் சிந்துகிறது.

சிந்திய எண்ணெய் ஒரு புதிய புதிரை உண்டாக்கும். ஆயில் மாற்றிய மூன்றாம் நாள் வாசலில் எண்ணெய்ச் சொட்டு. போல்ட் கசிகிறது என்று பதறிப் போவோம். ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். இருமல் மருந்து மூடியில் கொள்ளும் 15 மில்லி எண்ணெய் தகட்டில் தேங்கினால், அது முந்நூறு, நானூறு சொட்டாக விழக்கூடும். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக நகரும். சூடேறினால் இளகி ஓடும். இந்தக் குணத்துக்குப் பாகுநிலை என்று பெயர். அதனால்தான் வண்டி ஓடி நின்ற பிறகு சொட்டும், விடியற்காலையில் நின்றிருக்கும். சொட்டு விழும் இடமும் நம்மை ஏமாற்றும். எண்ணெய் தகட்டின் பள்ளம் வழியாகத் தாழ்ந்த மூலைக்குப் போய்த்தான் விழும். கசிவு ஓரிடம், சொட்டு வேறிடம்.

உண்மைக் கசிவா, சிந்தியதா என்று பிரித்தறிய எளிய வழி: தகட்டைக் கழற்றி இரண்டு பக்கமும் துடைத்து, போல்ட்டையும் ஃபில்டரின் கழுத்தையும் துணியால் உலரத் துடைத்து, நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். சிந்தியதாக இருந்தால் உலர்ந்தே இருக்கும். கசிவாக இருந்தால் ஈரம் தொடங்கும் மேல்விளிம்பு அதன் ஊற்றைக் காட்டும். காற்று எண்ணெயைப் பின்னாலும் புவியீர்ப்பு கீழேயும் கொண்டுபோகும். ஆகவே தேட வேண்டியது முன்னும் மேலும். இதிலும் பிடிபடாத கசிவுக்கு, ஒளிரும் சாயத்தை ஆயிலில் கலந்து புற ஊதா விளக்கில் பார்க்கும் முறையும் உண்டு. டிப் ஸ்டிக்கில் அளவு குறைகிறதா என்று பார்ப்பதை மட்டும் எந்த நிலையிலும் மறக்க வேண்டாம்.

கம்பளத் தகடாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அது எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும், துடைத்தால் போகாது. பக்கத்தில் சைலன்சர் குழாய் கொதிக்கும். ஊறிப்போன தகட்டை மாற்றிவிடுவதே நல்லது. துடைத்த கந்தலைத் தகட்டின்மேல் மறந்து வைத்துவிட்டு மூடுவது அதைவிட ஆபத்து. தீப்பிடிக்க அது போதும்.

வடித்த பழைய எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலோகத் தூளும் எரிந்த கழிவும் கலந்த அதை 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் அபாயக் கழிவாகவே வகைப்படுத்துகின்றன. கரையான் வராது என்று மரத்தில் பூசுவதும், ஓடையில் கொட்டுவதும் வேண்டாம். நாஞ்சில் நாட்டின் வாய்க்கால்கள் ஒன்றோடொன்று கைகோத்தவை; ஓர் இடத்தில் கொட்டியது இன்னொருவர் வயலில் போய்ச் சேரும். வாங்கிச் சுத்திகரிக்க அனுமதி பெற்றவர்களிடம் போகும்படி ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டு வாருங்கள்.

ஓடு வேயும் முறை

மாட்டும்போது எது முன்னே, எது பின்னே என்பதற்கு ஒரு விதி உண்டு. நம் ஊர்க் கொத்தனாருக்கு அது தெரியும். ஓடு வேயும்போது மேல் ஓட்டின் நுனி கீழ் ஓட்டின்மேல் படிந்து நிற்கும். தண்ணீர் வழுக்கிக்கொண்டு இறங்கும், இடுக்கில் புகாது. மாற்றி வேய்ந்தால் முதல் மழையிலேயே ஒழுகும். காருக்கு அடியில் தண்ணீருக்குப் பதில் காற்று முன்னிருந்து பின்னாக ஓடுகிறது. ஆகவே முன்னால் இருக்கும் துண்டின் பின்விளிம்பு, பின்னால் இருக்கும் துண்டைச் சாலைப் பக்கமாக மூடி நிற்க வேண்டும். பம்பரின் உதடு தகட்டின் முன்விளிம்பை மூட வேண்டும். எந்த விளிம்பும் வரும் காற்றுக்கு வாய் திறந்து நிற்கக் கூடாது.

கிளிப்புகளைக் கழற்றும்போது நடு ஊசியை முதலில் தூக்கிவிட்டு இழுத்தால் உடையாது. உடைந்தால் அதே அளவுள்ள புதிய கிளிப்பையே போட வேண்டும். நைலான் கட்டும் கம்பியும் அவசரத்துக்கு உதவும்; வீடு போய்ச் சேரும்வரைதான். வண்டியைக் கொடுக்கும்போது எத்தனை போல்ட், எத்தனை கிளிப் என்று எண்ணி ஒரு தாளில் எழுதி வையுங்கள். வாங்கும்போது அதே எண்ணிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். மெக்கானிக்கின்மேல் நம்பிக்கை இல்லாமல் கேட்பதல்ல இது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செய்யும் வேலைக்கு இரண்டாவது ஜோடிக் கண் வேண்டும், அவ்வளவுதான்.

நான் அந்தத் தகட்டைக் கழற்றிப் போடச் சொல்லவில்லை. மெக்கானிக் அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவினார். கறுப்புக் கோடுகள் எல்லாம் போயின. புது கிளிப் இரண்டு வாங்கி வந்து போட்டார். முன்விளிம்பைப் பம்பரின் உதட்டுக்குள் செருகி, விரலால் ஓட்டிப் பார்த்தார். நானும் குழிக்குள் இறங்கி ஓட்டிப் பார்த்தேன்.

அடுத்த வாரம் மறுபடி திருநெல்வேலியிலிருந்து வந்தேன். ஆடி இன்னும் முடியவில்லை. முப்பந்தலில் புழுதி சாலையில் எதிரே ஓடிவந்தது. முன்னே போன லாரியின் தார்ப்பாய் உப்பிப் புடைத்திருந்தது. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காலுக்கு அடியில் காது கொடுத்தேன். ஆரல்வாய்மொழி வந்தது, தோவாளை வந்தது. கண்ணாடி ஓரத்தில் காற்று இரைந்தது. கீழே இருந்த கணவாயில் ஒரு சத்தமும் இல்லை.